பூட்டுவதற்கு முன்னால் திறக்க வேண்டும்: எக்செல் கட்டங்களைக் கைதவறுதலிலிருந்து காப்பது

போன வருடம் ஒரு நாள், காலை ஏழரை மணி இருக்கும். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நான் கணக்கு எழுதும் கமிஷன் கடைக்கு, திருமங்கலம் பக்கத்திலிருந்து மல்லிகை கொண்டுவரும் ஒரு அம்மா சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "ஏன் தம்பி, நூத்துக்குப் பத்துதானே பிடிப்பீக? இன்னிக்கு என்ன பன்னெண்டு பிடிச்சிருக்கீக?" என்றார். கால்குலேட்டரும் இல்லை, செல்போனும் இல்லை, எல்லாம் மனக்கணக்கு. 12 கிலோ, கிலோ 600 ரூபாய், மொத்தம் 7,200. பத்து சதவீதம் கழித்தால் 6,480 கைக்கு வர வேண்டும். சீட்டில் 6,336 என்று இருந்தது. 144 ரூபாய் குறைவு.

"கம்ப்யூட்டர் தப்பாப் போடாதும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. ஷீட்டைத் திறந்து பார்த்தால், மேலே மூலையில் கமிஷன் விகிதம் இருக்கும் கட்டத்தில் 12% என்று நிற்கிறது. விடிகாலையில் எடை போடும் தம்பி, தராசில் ஓடும் எண்ணைப் பார்த்தபடியே, திரையைப் பார்க்காமல் 12 என்று அடித்து என்டர் தட்டியிருக்கிறார். கர்சர் எடைக் கட்டத்தில் இல்லை. கமிஷன் கட்டத்தில் நின்றிருக்கிறது. அந்தக் கட்டத்துக்குச் சதவீத வடிவம் ஏற்கெனவே கொடுத்திருந்ததால், எக்செல் அந்தப் 12-ஐ 12% என்று தானே மாற்றி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அடித்த சீட்டு அத்தனையிலும் இரண்டு சதவீதம் கூடுதலாகப் பிடித்துவிட்டோம். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து மீதியைக் கொடுத்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

தம்பி 1200 என்று அடித்திருந்தால் முதல் சீட்டிலேயே பிடிபட்டிருக்கும், யாரும் மைனஸில் பணம் வாங்க மாட்டார்கள். 12 என்பது பார்க்க நியாயமான எண். நியாயமாகத் தெரியும் தவறுதான் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கட்டுரை, எக்செல்லில் கூட்டல் பெருக்கல் எல்லாம் செய்யத் தெரிந்தும் 'ப்ரொடெக்ட் ஷீட்' என்ற பொத்தானை ஒரு தடவைகூடத் தொட்டிராதவர்களுக்கு. நானும் அன்றுவரை அந்த வகைதான்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

பூட்டப் போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து ஷீட்டைப் படமாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஷீட் இப்படி. ஏ வரிசையில் பூக் கொண்டுவந்தவர் பெயர். பி-யில் பூ வகை: மல்லிகை, பிச்சி, முல்லை, கனகாம்பரம். சி-யில் எடை. டி-யில் கிலோ விலை. ஈ-யில் மொத்தம், எடையை விலையால் பெருக்கி அதுவே போட்டுக்கொள்ளும். எஃப்-இல் கமிஷன், இதுவும் தானே வரும். ஜி-யில் அந்த ஆள் ஏற்கெனவே வாங்கியிருக்கும் முன்பணத்தில் இன்றைக்குப் பிடிப்பது எவ்வளவு என்பது. அதைக் கையால்தான் அடிக்க வேண்டும், ஏனென்றால் அது அன்றன்றைக்குப் பேசி முடிவாவது. எச்-இல் கைக்குக் கொடுக்க வேண்டிய தொகை. மேலே எச்1 கட்டத்தில் கமிஷன் விகிதம்.

இதில் மூன்று ஜாதி இருக்கிறது. முதலாவது, தினமும் அடிக்க வேண்டியவை: பெயர், வகை, எடை, விலை, முன்பணப் பிடித்தம். விலை இந்த ஊரில் நிமிடத்துக்கு நிமிடம் ஆடும். தை முகூர்த்தம் வந்தால் மல்லிகை கிலோ 2,000 ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும், வரத்து கூடினால் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். மதுரை மல்லிகைக்குப் புவிசார் குறியீடு 2013-லேயே கிடைத்துவிட்டது. நிலையான விலைதான் இன்னும் கிடைத்தபாடில்லை. ஆகவே விலைக் கட்டத்தைப் பூட்டுவது நடக்காத காரியம்.

இரண்டாவது ஜாதி, ஃபார்முலா இருக்கும் கட்டங்கள்: ஈ, எஃப், எச். இவற்றின் மேல் யாராவது ஓர் எண்ணை அடித்துவிட்டால் ஃபார்முலா அழிந்து அந்த எண் மட்டும் நிற்கும். இன்றைக்கு அந்த எண் சரியாகவே இருக்கலாம். நாளைக்கு எடையை மாற்றினாலும் அது அசையாது. பார்வைக்கு உயிருள்ள கட்டம் மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்க, கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு, எண் 1-க்கு இடப்பக்கம் எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் பொத்தானைத் தட்டுங்கள். எல்லாக் கட்டமும் விடையை விட்டுவிட்டு ஃபார்முலாவைக் காட்டும். வரிசையாக ஃபார்முலா வரும் இடத்தில் நடுவில் ஒரே ஒரு வெறும் எண் தெரிந்தால், அதுதான். மறுபடி தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

மூன்றாவது ஜாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். கமிஷன் விகிதம் போன்றவை. இது ஃபார்முலா இல்லை, வெறும் எண்தான். ஆனால் நூறு ஃபார்முலா இதை நம்பி நிற்கிறது. வட்டி விகிதம், ஜிஎஸ்டி விகிதம், பள்ளி மதிப்பெண் பட்டியலில் 'மொத்தம் எத்தனைக்கு' என்று வைக்கும் 100, எல்லாம் இந்த வகை. கைதவறினால் அதிகச் சேதம் இங்கேதான்.

பூட்டு தொங்குகிறது, பூட்டவில்லை

இப்போது விஷயத்துக்கு வருவோம். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். முக்கியமான கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பூட்டச் சொல்லும் பொத்தான் எங்கே என்று தேடுவார்கள். அப்படித் தேடிப் போனால் கட்டத்தின் அமைப்பில் 'லாக்டு' என்று ஓர் இடம் இருக்கும், அதில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். பூட்டித்தான் இருக்கிறதா என்று கட்டத்தில் அடித்துப் பார்த்தால் தாராளமாக அடிக்க விடும். என்னடா இது என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் இரண்டு தடவை அப்படி மூடிவிட்டுப் போனவன்.

மார்க்கெட்டில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பூட்டை என்ன செய்கிறோம்? திறந்து, அந்தக் கொண்டியிலேயே தொங்கவிட்டுவிடுகிறோம். பூட்டு அங்கேதான் இருக்கிறது, ஆனால் அமுக்கவில்லை. எக்செல்லில் ஒரு புது ஷீட்டைத் திறந்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் இப்படி ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. பத்து கட்டம், நூறு கட்டம் இல்லை, ஷீட்டில் இருக்கும் அத்தனை கட்டத்திலும். 'ப்ரொடெக்ட் ஷீட்' என்பது அந்தப் பூட்டுகளை எல்லாம் ஒரே அமுக்கில் அமுக்கிவிடும் வேலை.

அப்படியானால் எதையும் செய்யாமல் நேராக அந்தப் பொத்தானை அமுக்கினால்? மொத்த ஷீட்டும் கல்லாகிவிடும். எடையைக்கூட அடிக்க முடியாது. முதல் தடவை இதைச் செய்துவிட்டுப் பயந்து, 'இந்த வேலையே வேண்டாம்' என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

ஆகவே வேலை தலைகீழாக நடக்கிறது. முக்கியமானதைப் பூட்டுவது உங்கள் வேலை இல்லை. அது பிறந்ததிலிருந்தே பூட்டுடன் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, தினமும் அடிக்கும் கட்டங்களிலிருந்து பூட்டைக் கழற்றி எடுத்துவிடுவது. அப்புறம் பொத்தானை அமுக்குவது. இந்த இரண்டு படியின் வரிசை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் மெனுவைத் தேடுவதுதான்.

எங்கள் ஷீட்டில் செய்த விதத்தையே சொல்கிறேன். பெயரிலிருந்து விலை வரைக்குமான கட்டங்களை, தலைப்பு வரியை விட்டுவிட்டு, நான்காம் வரியிலிருந்து 150-ஆம் வரி வரை இழுத்துத் தேர்ந்தெடுத்தேன். கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டே ஜி வரிசையையும் அதேபோல் சேர்த்துக்கொண்டேன். பிறகு கன்ட்ரோலுடன் 1. 'ஃபார்மட் செல்ஸ்' பெட்டி திறக்கும். அதில் கடைசியாக இருக்கும் 'ப்ரொடெக்ஷன்' தாவலில் 'லாக்டு' என்பதன் டிக்கை எடுத்துவிட்டு ஓகே. பார்வைக்கு ஒன்றும் மாறியிருக்காது. அதனால் கையோடு அந்தக் கட்டங்களுக்கு வெளிர் மஞ்சள் நிறம் கொடுத்துவிட்டேன். மஞ்சள் இருந்தால் அடிக்கலாம், வெள்ளை என்றால் கை வைக்காதே. கடையில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து மேலே 'ரிவ்யூ' தாவலில் 'ப்ரொடெக்ட் ஷீட்'. ஒரு பெட்டி வரும். பாஸ்வேர்டு கேட்கும், அதைப் பற்றிப் பிறகு பேசலாம், இப்போதைக்குக் காலியாக விடுங்கள். கீழே ஒரு நீளமான பட்டியலில் முதல் இரண்டுக்கும் டிக் இருக்கும்: பூட்டிய கட்டத்தில் கர்சரை வைக்கலாம், திறந்த கட்டத்தில் கர்சரை வைக்கலாம் என்பவை. ஓகே கொடுத்தால் முடிந்தது. இனி எச்1-இல் யாராவது 12 அடிக்கப் பார்த்தால், இந்தக் கட்டம் பாதுகாக்கப்பட்ட ஷீட்டில் இருக்கிறது, மாற்ற வேண்டுமானால் பாதுகாப்பை எடுங்கள் என்று ஒரு செய்தி குறுக்கே வந்து நிற்கும். கீபோர்டில் டேப் (Tab) பொத்தானைத் தட்டினால் கர்சர் மஞ்சள் கட்டங்களில் மட்டும் தாவித் தாவிப் போகும். விலையிலிருந்து நேராக முன்பணத்துக்கு. இது நாங்கள் எதிர்பார்க்காத லாபம்.

முதல் டிக்கை எடுத்துவிட்டால் பூட்டிய கட்டத்துக்குள் கர்சரே போகாது. அதுதான் இன்னும் பத்திரம் என்று தோன்றும். எங்கள் கடைக்கு அது சரிவராது என்பது என் முடிவு. திரையைப் பார்க்காமல் அடிக்கும் ஆள் வெள்ளைக் கட்டத்தைக் கிளிக் செய்தால் கர்சர் நகராமல் பழைய இடத்திலேயே நிற்கும். அவர் அடிக்கும் 12 போய், முன்பு அடித்து வைத்த யாருடைய எடை மேலோ உட்கார்ந்துவிடும். குறுக்கே வந்து நிற்கும் அந்தச் செய்திதான் ஆளை நிமிர்ந்து பார்க்க வைக்கிறது. ஆகவே டிக் இருக்கட்டும்.

ஷீட் பழையதாகி, ஃபார்முலா எங்கெங்கே இருக்கிறது என்று உங்களுக்கே மறந்துபோயிருந்தால் வேறு வழி உண்டு. கன்ட்ரோலுடன் ஏ தட்டி (கர்சர் கணக்குக்குள் நின்றால் இரண்டு தடவை தட்ட வேண்டும்) மொத்த ஷீட்டையும் தேர்ந்தெடுத்து எல்லாப் பூட்டையும் கழற்றிவிடுங்கள். பிறகு கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் எஃப்5 பொத்தானைத் தட்டி, 'ஸ்பெஷல்' என்பதில் 'ஃபார்முலாஸ்' என்று கொடுத்தால் ஃபார்முலா உள்ள கட்டங்கள் மட்டும் தேர்வாகும். அவற்றுக்கு மட்டும் 'லாக்டு' டிக்கைத் திரும்பப் போடுங்கள். வேகமான வழிதான். ஆனால் ஒன்று, கமிஷன் விகிதம் ஃபார்முலா இல்லையே? இந்த வலையில் அது சிக்காது. தலைப்புகளும் சிக்காது. அவற்றை நீங்களாகத் தேடிப் போய்ப் பூட்ட வேண்டும். மூன்றாவது ஜாதியை மறக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

பூட்டிய பிறகு வரும் தொல்லைகள்

முதல் வாரமே ஒரு புகார் வந்தது. நடுவில் ஒரு வரி சேர்க்க முடியவில்லை. பாதுகாத்த ஷீட்டில் வரி சேர்ப்பதும் அழிப்பதும் நின்றுவிடும். அந்த நீளமான பட்டியலில் 'இன்சர்ட் ரோஸ்' என்று டிக் போட்டு அனுமதிக்கலாம், ஆனால் புதிய வரியில் ஃபார்முலா இருக்காது. ஈ கட்டம் பூட்டியிருப்பதால் அதைப் போடவும் முடியாது. வரியை அழிக்க அனுமதித்தாலும், அந்த வரியில் ஒரு கட்டம் பூட்டியிருந்தால்கூட அழிக்க விடாது. எனவே நாங்கள் செய்தது, 150-ஆம் வரி வரைக்கும் முன்கூட்டியே ஃபார்முலாவை நிரப்பி வைப்பது. 'எடைக் கட்டம் காலி என்றால் நீயும் காலியாக இரு, இல்லாவிட்டால் பெருக்கு' என்று ஓர் 'இஃப்' போட்டால் பயன்படுத்தாத வரிகள் வெறுமையாகவே தெரியும். கமிஷனுக்கும் கைத்தொகைக்கும் அதே நிபந்தனையைப் போட வேண்டும்; ஈ-க்கு மட்டும் போட்டால் மற்ற இரண்டும் பிழை காட்டும். வரியை அழிக்க வேண்டுமா? அடித்ததை டெலீட் செய்துவிட்டு வரியை அப்படியே விடுங்கள்.

பூட்டினாலும் தப்பிவரும் ஆபத்து ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஐந்தாம் வரியில் ஒருவருடைய எடையை அடித்துவிட்டீர்கள். அது ஆறாம் வரி ஆளுடையது என்று பிறகு தெரிகிறது. கட் செய்து ஆறாம் வரியில் ஒட்டுகிறீர்கள். இரண்டுமே மஞ்சள் கட்டம், ஆகவே எக்செல் தடுக்காது. ஆனால் கட் செய்து ஒட்டும்போது அந்தக் கட்டத்தை நம்பியிருந்த ஃபார்முலாவும் பின்னாலேயே போகும். ஐந்தாம் வரியின் மொத்தம் இப்போது ஆறாம் வரி எடையைப் பெருக்கிக்கொண்டிருக்கும். ஆறாம் வரியின் மொத்தத்தில் ரெஃப் என்ற பிழைக்குறி வந்து நிற்கும். பூட்டிய ஃபார்முலாவே மாறிப்போகிறது, பூட்டு அப்படியே இருக்க! கடையில் இதற்கு ஒரே சட்டம்தான் போட்டேன். கட் கிடையாது. அழி, திரும்ப அடி.

காப்பி செய்து ஒட்டுவதில் இன்னொரு சிக்கல். வெள்ளைக் கட்டத்திலிருந்து காப்பி எடுத்து மஞ்சளில் ஒட்டினால் எண் மட்டும் வராது. நிறம், எழுத்து வடிவம், கூடவே அந்தப் பூட்டும் வரும். ஒட்டிய கட்டம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் அதில் அடிக்க முடியாது. 'நேத்து அடிக்க விட்டுச்சு, இன்னிக்கு விடமாட்டேங்குது' என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஒட்டும்போது மதிப்பை மட்டும் ஒட்டும் 'வேல்யூஸ்' வகையில் ஒட்ட வேண்டும். புதிய எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்துத் தட்டினால் அது நடக்கும்.

பாதுகாப்பு என்பது அந்த ஒரு ஷீட்டுக்கு மட்டும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்து ஷீட்டுக்குத் தனியாகச் செய்ய வேண்டும். தினமும் ஒரு ஷீட் என்று வைத்திருப்பவர்கள் வெற்று ஷீட் ஒன்றைப் பாதுகாத்து வைத்துவிட்டு அதையே தினமும் நகலெடுத்தால் பூட்டும் சேர்ந்தே நகலாகிவிடும். ஷீட்டையே யாராவது அழித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் 'ப்ரொடெக்ட் வொர்க்புக்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆனால் அது போட்டால் புது ஷீட் சேர்க்கவும் முடியாது, எனவே தினசரிக் கணக்கில் நாங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. முடிந்துபோன வருடத்தின் ஃபைலுக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

பாஸ்வேர்டு வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் சவுக்குக் கட்டையைக் கட்டித் தடுப்புப் போட்டிருப்பார்கள். அது எதற்கு? நெரிசலில் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் நிற்பவர் தெரியாமல் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்கு. தாண்டியே தீருவேன் என்று வேட்டியை மடித்துக் கட்டுபவரை அது தடுக்காது. ஷீட் பாதுகாப்பும் அந்தச் சவுக்குக் கட்டைதான். பாஸ்வேர்டு போட்டாலும் கட்டை கொஞ்சம் உயரமாகும், அவ்வளவே. இதை ஒரு பாதுகாப்பு அரணாக நினைக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. தெரிந்தவர்கள் அதை நீக்கிவிட முடியும்.

பாஸ்வேர்டு இல்லாவிட்டால் 'அன்ப்ரொடெக்ட்' என்ற பொத்தானை யார் வேண்டுமானாலும் தட்டலாமே என்று கேட்கலாம். தட்டட்டும். மெனுவுக்குப் போய், பொத்தானைத் தேடித் தட்டி, பிறகு விகிதத்தை மாற்றுகிற ஆள் தெரிந்தேதான் மாற்றுகிறார். நமக்கு வேண்டியது தெரியாமல் மாறாதிருப்பது. அதோடு, பாஸ்வேர்டு மறந்துபோனால் அதை மீட்டுத் தர மைக்ரோசாஃப்டிடம் வழி கிடையாது. கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போய், பாஸ்வேர்டும் அவரோடு போன கடைகள் உண்டு.

யாரும் பார்க்கவே கூடாத விஷயம், சம்பளப் பட்டியல் மாதிரி, என்றால் கட்டத்தைப் பூட்டுவது அதற்கான கருவியே இல்லை. 'ஃபைல்', 'இன்ஃபோ', 'ப்ரொடெக்ட் வொர்க்புக்' என்று போய் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' கொடுத்தால் ஃபைலே திறக்காது. அது கோபுரக் கதவு. அதன் சாவியைத் தொலைத்தால் நீங்களும் வெளியேதான்.

கூகுள் ஷீட்ஸில் கணக்கு வேறு

எக்செல் ஆளைப் பார்க்காது, கட்டத்தைத்தான் பார்க்கும். பூட்டினால் முதலாளிக்கும் பூட்டுத்தான், எடைக்காரத் தம்பிக்கும் பூட்டுத்தான். கூகுள் ஷீட்ஸ் நேரெதிர். அது யார் அடிக்கிறார்கள் என்று பார்க்கும். கட்டங்களில் முன்கூட்டியே எந்தப் பூட்டும் தொங்காது. பாஸ்வேர்டும் கிடையாது.

'டேட்டா' மெனுவில் 'ப்ரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' என்று இருக்கும். வலப்பக்கம் ஒரு பலகை திறக்கும். குறிப்பிட்ட கட்டங்களை மட்டும் காக்கலாம். அல்லது ஷீட் முழுவதையும் காத்து, 'எக்செப்ட் சர்ட்டன் செல்ஸ்' என்பதில் மஞ்சள் கட்டங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். இரண்டாவதுதான் எங்கள் மாதிரி ஷீட்டுக்குப் பொருத்தம். அடுத்து 'செட் பெர்மிஷன்ஸ்'. அங்கே இரண்டு வழி. யார் யார் மாற்றலாம் என்று ஆளைக் குறிப்பிட்டுத் தடுப்பது ஒன்று. யாரையும் தடுக்காமல், மாற்றும்போது 'இதை மாற்றப் போகிறீர்கள், சரிதானா' என்று எச்சரிப்பது இன்னொன்று.

தடுப்பதுதானே பலமானது என்று நான் முதலில் அதைப் போட்டேன். மறுநாள் கடையில் சோதித்தால் எச்1-இல் தாராளமாக அடிக்க முடிந்தது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது. கடை டேப்லெட்டில் திறந்திருந்தது முதலாளியின் ஜிமெயில். ஷீட்டின் சொந்தக்காரரைக் கூகுள் ஒருபோதும் தடுக்காது. எடைக்காரத் தம்பி அடித்தாலும் கூகுளுக்கு அது முதலாளி அடிப்பதுதான். இதற்கு மருந்து இரண்டு. கடை டேப்லெட்டுக்குத் தனி ஜிமெயில் கணக்கு ஒன்று ஆரம்பித்து, அதற்கு எடிட்டர் அனுமதி மட்டும் கொடுப்பது. அது முடியாதென்றால் எச்சரிக்கை வழியைப் போடுவது, ஏனென்றால் எச்சரிக்கை சொந்தக்காரருக்கும் வரும். தனியாக ஒருவரே பயன்படுத்தும் ஷீட்டுக்கு எச்சரிக்கைதான் உருப்படியான காவல். உங்கள் கையிலிருந்து உங்களைக் காப்பது அது ஒன்றுதான்.

கூகுளில் கூடுதலாக ஒரு சௌகரியம், பழைய நிலைக்குத் திரும்ப முடியும். 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'. தனிக் கட்டத்தில் வலது கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' கொடுத்தால் அந்தக் கட்டம் எப்போது, யார் கணக்கிலிருந்து மாறியது என்று சொல்லும். அன்றைக்கு எங்களிடம் இது இருந்திருந்தால், எந்தச் சீட்டிலிருந்து தவறு ஆரம்பித்தது என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம்.

லிப்ரே ஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல அதிகமில்லை. எக்செல்லின் அதே முறை. 'ஃபார்மட்', 'செல்ஸ்', 'செல் ப்ரொடெக்ஷன்' என்று போய் டிக்கை எடுங்கள். பிறகு 'டூல்ஸ்' மெனுவில் 'ப்ரொடெக்ட் ஷீட்'.

மஞ்சள் கட்டத்துக்கு யார் காவல்?

பூட்டு, தொடக்கூடாத கட்டத்தைக் காக்கும். தொட வேண்டிய கட்டத்தில் தப்பாக அடித்தால்? எடைக்கு அடிக்க வேண்டிய இடத்தில் விலையை, அதாவது 600-ஐ அடித்துவிட்டால்? அதற்கு 'டேட்டா' தாவலில் இருக்கும் 'டேட்டா வேலிடேஷன்'. எங்கள் கடைக்கு ஒரு தடவையில் 60 கிலோவுக்கு மேல் யாரும் கொண்டுவருவதில்லை. எடைக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, தசம எண், 0-க்கும் 60-க்கும் இடையில் என்று கொடுத்தேன். 600 அடித்தால் ஏற்காது. பூ வகைக்கு ஒரு பட்டியல் கொடுத்துவிட்டால் அம்புக்குறியைத் தட்டித் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 'மல்லி', 'மல்லிகை', 'மல்லிகைப்பூ' என்று மூன்று விதமாக அடித்து மாதக் கடைசியில் கூட்டல் உதைக்கும் தொல்லையும் போகும். விலைக்கு நான் கடுமையான எல்லை போடவில்லை, எச்சரிக்கை மட்டும் போட்டிருக்கிறேன், தை மாதத்து விலையை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? ஒரு ஓட்டை உண்டு: கையால் அடிப்பதைத்தான் இது சோதிக்கும். வேறெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டினால் கேள்வி கேட்காமல் விட்டுவிடும்.

பூட்டை அமுக்குவதற்கு முன்னால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது, ஃபார்முலா சரியா என்று பார்ப்பது. பூட்டுக்குச் சரி தவறு தெரியாது. தவறான ஃபார்முலாவையும் அதே விசுவாசத்தோடு காக்கும். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டியது. அவர்களுடைய எக்செல் ஷீட்டில் சராசரி எடுக்கும் ஃபார்முலா 20 நாடுகளில் 15-ஐ மட்டுமே எடுத்திருந்தது. கீழே ஐந்து வரி விட்டுப்போயிருந்தது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த ஷீட்டை வாங்கித் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த ஷீட்டைப் பூட்டி வைத்திருந்தாலும் அந்தப் பிழை அப்படியே பத்திரமாக இருந்திருக்கும். ஆகவே நான்கைந்து வரியைக் கையால் கணக்குப் போட்டு ஒப்பிட்டுவிட்டே பூட்டுங்கள். எங்கள் ஷீட்டை நான் அந்தத் திருமங்கலம் அம்மாவின் 12 கிலோவையும் 600 ரூபாயையும் அடித்துத்தான் சரிபார்த்தேன். 6,480 வந்தது.

பூட்டிய மறுநாள் விடிகாலை நாலரைக்குப் போன் வந்தது.

"அண்ணே, எக்செல்ல அடிக்க விடமாட்டேங்குது. ஏதோ பொட்டி வந்து நிக்குது."

"எந்தக் கட்டத்துலப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ஏலக் குரல் மட்டும் கேட்டது.

"மேலண்ணே. எச்சு ஒண்ணு."